நூத்தியிருபதாவது ஆள்

பை இருக்கட்டுங்க, மேல வைக்க வேணாம். மடியிலயே வச்சுக்கறேன். கனம்தான், ஆனா பழகிருச்சு. உள்ள ரெண்டு புத்தகம் இருக்கு, ஒரு கண்ணாடி இருக்கு. புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகாது. கண்ணாடி ஒடஞ்சிரக் கூடாது பாருங்க, அதான்.

இந்தாங்க கண்டக்டர், புதுக்கோட்டை ஒண்ணு.

நீங்க எதுவரைக்கும்? கீரனூரா? எனக்கும் அங்க ஒரு வேலை இருக்கு. ஒருத்தியப் பாக்கணும். தோதுப்பட்டா எறங்கலாம்னு.

என் பேரு எமல்டா. திருச்சியில ஒரு நர்சிங் காலேஜ்ல ப்ரொஃபசரா இருக்கேன். நர்ஸா ஆகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. முந்தாநாள்தான் எனக்கு பி.எச்.டி. கெடச்சுது. நர்சிங்லதான். நர்சிங்ல கூட உண்டான்னு கேக்காதீங்க, எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. உண்டு. டாக்டர் எமல்டா. வெளியாள்கிட்ட நானா இத சொல்றது இதுதான் மொதத் தடவ. சொன்னா எப்படி இருக்கும்னு பாத்தேன்.

சந்தோஷமான்னா என்ன சொல்றது. அஞ்சு வருஷம் எட்டு மாசம்ங்க. முந்தாநாள் வைவா. நாம எழுதுன புத்தகத்தக் கையில வச்சுக்கிட்டு, வெளியூர்லேர்ந்து ஒரு பெரிய ஆளு வந்து எல்லாரு முன்னாடியும் கேள்வி கேப்பாங்க. எனக்கு மங்களூர்லேர்ந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். மடக்கி மடக்கிக் கேட்டு அழ வச்சிருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்தம்மா என்னைய பாராட்டிட்டாங்க. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

உங்க வீட்ல யாருக்காச்சும் சக்கரை இருக்கா? அம்மாவுக்கா. இருக்கும், இல்லாத வீடு ஏது இப்ப. சக்கரை ரொம்ப நாளா இருந்துச்சுன்னா கால்ல உணர்ச்சி கொறஞ்சிரும். முள்ளு குத்துனா தெரியாது. தரை சுட்டாத் தெரியாது. புண்ணு பெருசானப்புறம்தான் தெரியும், அதுவும் மத்தவங்க பாத்துச் சொல்லி. நான் ஆராய்ச்சிக்கு எடுத்தது அதத்தான். தெனம் கால எப்படிக் கழுவணும், விரலிடுக்குல ஈரம் இல்லாம எப்படித் தொடைக்கணும், ஒரு கண்ணாடியத் தரையில வச்சு உள்ளங்கால எப்படிப் பாக்கணும். இத ஒழுங்காச் சொல்லிக் குடுத்தா புண்ணு வர்றது கொறையுதான்னு பாக்குறது. கொறையும்னு யாருக்கும் தெரியும்தான். ஆனா தெரிஞ்சா பத்தாது, நிரூபிக்கணும். அதுக்குத்தான் பி.எச்.டி.

நிரூபிக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. நூத்தியிருபது பேர எடுத்துக்கணும். சீட்டுப் போட்டு ரெண்டாப் பிரிக்கணும். ஒரு அறுபது பேருக்குச் சொல்லிக் குடுப்போம். இன்னொரு அறுபது பேருக்குச் சொல்லிக் குடுக்க மாட்டோம், ஆஸ்பத்திரியில வழக்கமா என்ன பாப்பாங்களோ அத மட்டும் பாத்துட்டுப் போகட்டும்னு விட்ருவோம். கன்ட்ரோல் குரூப்னு பேரு அதுக்கு. மூணு மாசம் கழிச்சு ரெண்டு பக்கத்தையும் பாத்து வித்தியாசத்த எழுதணும். எல்லாம் முடிஞ்சதும் விட்டவங்களுக்கும் சொல்லிக் குடுத்து, படம் போட்ட புத்தகம் ஒண்ணும் கண்ணாடி ஒண்ணும் குடுத்தரணும். அநியாயம் ஒண்ணும் கெடையாது. உலகம் பூரா இப்படித்தான். கையெழுத்து வாங்கிட்டுத்தான் செய்யறோம். எழுதத் தெரியலன்னா கைநாட்டு.

இந்த வயசுல ஏன் படிப்புன்னு என் வீட்டுக்காரரு கேட்டாரு. அவருக்கு என்ன தெரியும். எனக்குக் கீழ ட்யூட்டரா வந்து சேந்த பொண்ணு ஒருத்தி, என் கையப் புடிச்சு ஊசி போடப் பழகுனவ, பி.எச்.டி. முடிச்சிட்டு வைஸ் பிரின்சிபால் சேர்ல உக்காந்துட்டா. மீட்டிங்ல எல்லாரும் இருக்கும்போது, "எமல்டா மேடம், நீங்க மினிட்ஸ் எழுதிருங்க"ம்பா. எழுதுவேன். பேனா பேப்பர்ல போகும், நெஞ்சு பாட்டுக்கு எரியும். அந்த எரிச்சல்ல சேந்ததுதான் இந்தப் படிப்பு. அத மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

என் கைடு பிரமிளா மேடம். நல்லவங்க, ஆனா ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான். நூத்தியிருபதுன்னா நூத்தியிருபது. "ஒண்ணு கொறஞ்சாலும் என் ரூமுக்குள்ள வராத எமல்டா"ன்னு சொல்லிட்டாங்க. ஆளு கெடைக்கறது லேசுன்னு நெனைக்காதீங்க. சக்கரைக்கு வர்றவங்க ஆயிரம் பேரு வருவாங்க. புண்ணு இல்லாதவங்களா வேணும், மூணு மாசம் ஊர விட்டுப் போகாதவங்களா வேணும், தொடர்ந்து வரச் சம்மதிக்கணும். ஓபி வாசல்ல காலையில ஏழு மணிக்கெல்லாம் போயி நிப்பேன், கல்யாண வீட்ல பந்திக்கு ஆளு கூப்புடற மாதிரி.

அங்கதான் அடைக்கி எனக்கு ஒத்தாசை. அடைக்கின்னா எங்க ஆஸ்பத்திரி ஓபி ஆயா. கூட்டித் தொடைக்கிற வேலை, கான்ட்ராக்ட்ல. உங்க கீரனூர்ப் பக்கம்தான் ஊரு. வாரம் ஒருதடவ ஊருக்குப் போவா, மத்த நாளெல்லாம் ஆஸ்பத்திரி பின்னாடி ஒரு ரூம்ல நாலு ஆயாவோட தங்கிக்குவா. புருஷன் இல்ல, ஒரே ஒரு பொண்ணு, இளவரசின்னு, கட்டிக் குடுத்துட்டா. நல்ல வாயி. "ஏம்மா, அந்தா செவப்புச் சேல கட்டியிருக்குல்ல, அது சக்கரைக்கு வந்ததுதான், புடிச்சாரவா?"ன்னு கேப்பா. புடிச்சும் வந்துருவா. எனக்குக் கெடச்ச ஆளுங்கள்ல பாதி அவ புடிச்சுக் குடுத்ததுதான். சேர் போடறது, பாய் விரிக்கறது, கால் கழுவிக் காட்டறதுக்கு வெதுவெதுன்னு தண்ணி கொண்டாந்து வைக்கிறது எல்லாம் அவதான். நான் கேக்கவே மாட்டேன், அவளா செய்வா. அந்த மாதிரி விசுவாசம் இப்ப எங்க இருக்கு.

நூத்திப் பத்தொம்பதுல நின்னு போச்சுங்க. கடைசி ஒரு ஆளு கெடைக்கல. ரெண்டு வாரம். யுனிவர்சிட்டியில குடுத்த தவணை நெருங்குது. பிரமிளா மேடம் போன் பண்ணா எடுக்கவே மாட்டேன். ஒருநா ஓபி முடிஞ்சு தலையில கைய வச்சு உக்காந்திருக்கேன், அடைக்கி தொடப்பத்தோட வந்து நின்னா.

"ஏம்மா இப்படி உக்காந்திருக்கீங்க? ஒரு ஆளுதானே? எனக்குந்தான் பன்னெண்டு வருசமா சக்கரை இருக்கு. என்னையச் சேத்துக்க மாட்டீங்களா?"

கண்ணு முன்னாடியே ஆள வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன் பாருங்க. எந்திரிச்சு அவள கட்டிப் புடிச்சுக்கிட்டேன். ஆமாங்க, தொடப்பத்தோட சேத்து.

சீட்டு போட வேணாமான்னு கேக்குறீங்களா? டப்பாவுல ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம். பிரிச்சா கன்ட்ரோல். அவ கைநாட்டு வச்சா. "புக்குல என் பேரு வருமாம்மா?"ன்னு கேட்டா. பேரெல்லாம் வராது, நம்பருதான்னு சொன்னேன். "நம்பரு எத்தன?" நூத்தியிருபதுன்னேன். அன்னையிலேர்ந்து ஓபி பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, "எமல்டாம்மா படிப்புல நான் நூத்தியிருபதாவது ஆளு"ன்னு. வாட்ச்மேன் கூட அவள "என்ன நூத்தியிருபது, சாப்டாச்சா"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டான்.

ஆரம்பத்துல ஒரு பரிசோதனை உண்டு. நைலான் நூலு மாதிரி ஒண்ணு, அத உள்ளங்கால்ல பத்து எடத்துல தொட்டுத் தொட்டுக் கேக்கணும், தெரியுதா தெரியுதான்னு. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லணும். அடைக்கிக்கு மூணு எடத்துலதான் தெரிஞ்சுது. கண்ணத் தொறந்து, "நல்லாருக்காம்மா?"ன்னு கேட்டா. ம்ம்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? கன்ட்ரோல் ஆளுகிட்ட விளக்கம் சொல்லக் கூடாது. சொன்னா அதுவே பாடம் நடத்துன மாதிரி ஆயிரும்.

மாத்தூர் தாண்டியாச்சா? சரி.

செவ்வாய்க்கெழம, வெள்ளிக்கெழம கிளாஸு. அஞ்சஞ்சு பேரா உக்கார வச்சு, பேசின்ல காலக் கழுவிக் காட்டி, தொடச்சுக் காட்டி, கண்ணாடியில பாக்கச் சொல்லிக் குடுப்பேன். நாங்க சொல்றது எதுவும் கன்ட்ரோல் ஆளு காதுல விழக் கூடாது. விழுந்தா போச்சு, அந்த ஆளே செல்லாது. அதனால அடைக்கி சேரப் போட்டு, பாய விரிச்சு, தண்ணியக் கொண்டாந்து வச்சதும், "அடைக்கி, வெளிய இரு"ம்பேன். போயிருவா. கதவச் சாத்திருவேன். ஸ்டூல் கூடப் போட்டுக் குடுத்தேன் வெளிய, அவ உக்காரல. யாராச்சும் தெரியாம உள்ள வந்துரக் கூடாதுன்னு கதவ ஒட்டியே நிப்பா. காவலுக்கு. முடிஞ்சதும் உள்ள வந்து அந்தத் தண்ணிய எடுத்துக் கொட்டுவா.

ஒருநா மட்டும் சிரிச்சுக்கிட்டே கேட்டா. "உள்ள அப்படி என்னதாம்மா சொல்றீங்க? எல்லாரும் வெளிய வர்றப்ப பவுடர் போட்ட கொழந்தயாட்டம் கால வச்சுக்கிட்டு வர்றாக?" மூணு மாசம் முடியட்டும், ஒனக்குத் தனியா ஒரு நாள் முழுக்கச் சொல்லித் தர்றேன்னேன். "எனக்கும் ஒரு கண்ணாடி உண்டுல்ல?" உண்டுன்னேன். "இப்பவே ஒண்ணு குடுங்களேன், பொட்டு வச்சுக்க." அறுபது கண்ணாடி அட்டப்பெட்டியில கெடக்கு. மலைக்கோட்டை கடத்தெருவுல நானே பாத்துப் பாத்து வாங்குனது, வட்டமா, பின்னாடி பச்சைக் கலரு. குடுக்க முடியாதுன்னுட்டேன். முறைன்னா முறைதானே? ஒருத்திக்கு வளைச்சா நாளைக்கு யாரு நம்புவா என் ஆராய்ச்சிய?

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கெழம.

அவளுக்கு அறுபத்தி நாலாவது நாளு அது. எண்பத்தி நாலாவது நாளு கடைசிப் பரிசோதனை. தண்ணி பேசினத் தூக்கிட்டு எனக்கு முன்னாடி போறா. தண்ணி தளும்பித் தரையில சிந்துது, அவ அதுல மிதிச்சு நடக்கறா. ஓபி தரை வெள்ளை டைல்ஸு. எடது செருப்புத் தடம் சுத்தமா இருக்கு. வலது செருப்புத் தடத்துல, கட்டைவெரலுக்குக் கீழ, ஒரு பொட்டு அளவுக்குச் செவப்பு. ஒண்ணு, ரெண்டு, மூணு, போற வழியெல்லாம். செருப்புச் சாயம் போகுதுன்னு நெனச்சேன். "அடைக்கி, செருப்ப மாத்து"ன்னு சொன்னேன். "மாத்துறேம்மா"ன்னா. கிளாஸு முடிஞ்சு வெளிய வந்தப்ப அவளே தரையத் தொடச்சு வச்சிருந்தா.

சர்ஜரி ஓபியில காட்டுன்னும் சொன்னேன்னு நெனைக்கிறேன்.

எழுபத்தி ஒம்பதாவது நாளு காய்ச்சல்ல விழுந்துட்டா. கூட இருந்த ஆயாங்க வாடை வருதுன்னு பாத்திருக்காங்க. காலு கருத்துப் போச்சு. ராத்திரியோட ராத்திரியா முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. சர்ஜன் என்கிட்டயே சொன்னாரு, பத்து நாளைக்கு முன்னாடி வந்திருந்தா வெரலோட போயிருக்கும் சிஸ்டர்னு. எதுல குத்துச்சு, எப்பக் குத்துச்சு, அவளுக்கே தெரியாது.

எண்பத்தி நாலாவது நாளு நான் வார்டுக்குப் போனேன். கையில அந்த நூலு, பரிசோதனை ஃபாரம். ஏன் எடுத்துட்டுப் போனேன்னு கேக்காதீங்க. அன்னைக்கு அவ தேதி. டைரியில எழுதியிருந்துச்சு, எடுத்துட்டுப் போயிட்டேன். அடைக்கி படுத்திருந்தா. போர்வை ஒரு பக்கம் உசந்து இருந்துச்சு, ஒரு பக்கம் பாதியில படிஞ்சு கெடந்துச்சு. என்னையப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. என்ன சொன்னா தெரியுமா?

"மன்னிச்சுக்கங்கம்மா. உங்க கணக்க நான் கெடுத்துப்புட்டேன். இன்னும் அஞ்சு நாளு தாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும்."

நான் அந்த ஃபாரத்த மடிச்சுக் கைப்பைக்குள்ள வச்சேன்.

"அந்தக் கண்ணாடிய இப்பவாச்சும் தருவீகளா? மொகம் பாத்து அஞ்சு நாளாச்சு."

குடுக்கல. அவ கணக்குல இருக்காளா இல்லையான்னு பிரமிளா மேடம் இன்னும் சொல்லல, அதனால குடுக்கல. அப்பவும் எனக்கு அதுதான் ஓடுச்சு. மொதல்ல ஒடம்பு சரியாகட்டும் அடைக்கின்னு சொல்லிட்டு வந்துட்டேன். வராண்டாவுல அந்தப் பொண்ணு இளவரசி நின்னுச்சு. "மேடம், நீங்க கால் பத்தித்தானே படிக்கிறீங்க? அம்மா பெருமையாச் சொல்லும்"னு கேட்டுச்சு. கேட்ட விதம் எனக்குப் புடிக்கல. சின்னப் பொண்ணு, பேசத் தெரியல. ஆமாம்மா, நீங்கதான் கவனிச்சிருக்கணும் உங்கம்மாவன்னு நான் திருப்பிச் சொன்னேன். சொல்லிட்டு லிஃப்ட்ல எறங்கி வந்துட்டேன்.

புள்ளிவிவரம் போட்டுக் குடுத்த சாரு, "இந்தம்மாவ கணக்குல வச்சா உங்க ரிசல்ட் இன்னும் பலமா வரும் மேடம்"னாரு. கன்ட்ரோல்ல ஒரு காலே போயிருக்கேன்னு. பிரமிளா மேடம் வேணாம்னுட்டாங்க. ஆஸ்பத்திரியில வேலை பாக்குற பொம்பள, ஆராய்ச்சி நடக்கும்போதே கால் போச்சுன்னா எதிக்ஸ் கமிட்டி கூப்புட்டுக் கேக்கும், மறுபடி மொதல்லேர்ந்து வரும். "நீ முடிக்கணுமா வேணாமா எமல்டா? விலகிட்டாங்கன்னு போடு. நூத்திப் பத்தொம்பது போதும்"னாங்க. போட்டேன். இங்கிலீஷ்ல ஒரே வரி. ஒருவர் உடல்நலக் குறைவால விலகிட்டாருன்னு. நன்றி சொல்ற பக்கம் மூணு பக்கம் எழுதியிருக்கேங்க. ஆண்டவருக்கு, மேனேஜ்மென்டுக்கு, கைடுக்கு, வீட்டுக்காரருக்கு, ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கூட. தண்ணி கொண்டாந்து வச்சவளுக்கு இல்ல. அவ பேரு எங்கயும் வரக் கூடாதுல்ல.

கான்ட்ராக்டுக்காரன் ஒத்தக் கால் ஆயாவ வச்சு என்ன செய்வான். கீரனூருக்கு மகவீட்டுக்குப் போயிட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு.

இப்ப வைவாவுக்கு வர்றேன். மங்களூர் மேடம் மூணாவது அத்தியாயத்தப் பொரட்டுனாங்க. எல்லாரும் உக்காந்திருக்காங்க, அந்த வைஸ் பிரின்சிபாலும் மொத வரிசையில. மேடம் மூக்குக்கண்ணாடியக் கழட்டிட்டு சிரிச்சாங்க. "கணக்குப்படி உங்களுக்கு நூத்தியெட்டு பேரே போதும். பாதியில விட்டுப் போறவங்க இருப்பாங்கன்னு பன்னெண்டு பேரக் கூடுதலா எடுத்திருக்கீங்க. விட்டுப்போனது ஒரே ஒருத்தர்! இவ்வளவு நல்லா ஆளுங்களப் பாத்துக்கிட்ட ஒரு ஆராய்ச்சிய நான் பாத்ததில்ல"ன்னாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க.

தாங்க்யூ மேடம்னு சொன்னேன். தாங்க்யூன்னு சொன்னேங்க நான்.

நூத்தியெட்டு. அது நான் எழுதுனது. என் கையால எழுதி, நாலு வருஷம் ப்ரூஃப் பாத்து, எத்தன மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு படிச்சிருப்பேன். பன்னெண்டு பேரு விட்டுப் போனாலும் என் படிப்புக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அடைக்கிய அந்தச் செவ்வாய்க்கெழமயே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, காலக் கழுவி, கட்டுப் போட்டு, கணக்குலேர்ந்து பேர அடிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா அன்னைக்கு என் தலையில நூத்தியெட்டு இல்ல. நூத்தியிருபதுதான் இருந்துச்சு.

செருப்புச் சாயம்னு சொன்னேன்ல உங்ககிட்ட.

இல்லங்க. இருபத்தாறு வருஷமா நர்ஸு நான். ரத்தத்துக்கும் சாயத்துக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? அவ போட்டிருந்தது நீலச் செருப்பு. பாத்த ஒடனே தெரிஞ்சுது, புண்ணு இருக்கு, ஆழமா இருக்கு, அவளுக்குத் தெரியலன்னு. நான் காலத் தொட்டுப் பாத்தா அது வைத்தியம், அவ கணக்குல செல்ல மாட்டா. சர்ஜரி ஓபிக்கு அனுப்பிச்சா அங்க இருக்கற சிஸ்டருங்க எல்லாம் என் ஸ்டூடன்ட்ஸு, நான் சொல்லிக் குடுத்ததையே அவளுக்கும் சொல்லிக் குடுத்துருவாங்க. இருபது நாள்தானேன்னு நெனச்சேன். இருபது நாளு. போயிக் காட்டுன்னு நான் சொல்லல. வாய் வரைக்கும் வந்துச்சு. செருப்ப மாத்துன்னு சொல்லிட்டு உள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டு, அஞ்சு பேருக்குக் கால எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். அவ வெளிய நின்னா.

என் வீட்டுக்காரர்கிட்ட கூட இதச் சொல்லல. பாவமன்னிப்புக்குப் போனப்பவும் சொல்லல. உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னு தெரியல. இருங்க, கண்ணத் தொடச்சுக்கறேன்.

நேத்து போன் பண்ணேன் அவளுக்கு. ரெண்டு வருஷத்துல மொதத் தடவ. முடிஞ்சிருச்சு அடைக்கின்னேன். அந்தச் சத்தம் கேக்கணுமே நீங்க. "டாக்டராயிட்டீகளாம்மா! ஏ இளவரசி, நம்ம எமல்டாம்மா டாக்டராயிட்டாக!" அப்புறம் மெதுவாக் கேக்குறா, "என்னையக் கழிச்சதுல ஒண்ணும் கொறை வரலியேம்மா?" வரலன்னேன். "அப்பாடா, இத்தன நாளா அதான் மனசுல கெடந்துச்சு. புக்கக் கொண்டாங்க. என் நம்பரு இருக்கற பக்கத்தக் காட்டுங்க, தொட்டுப் பாத்துக்கறேன்."

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தப் பக்கத்தத் தொறந்து காட்டுனாலும் நம்புவா. கும்புட்டுக் கண்ணுல ஒத்திக்குவா. அத நெனச்சாத்தான் எனக்குக் குலை நடுங்குது. திட்டுவான்னா போயிருவேங்க. திட்ட மாட்டா. தன் தப்புன்னே நெனச்சுக்கிட்டு இருக்கா. நான் வாயத் தொறந்து சொன்னாத்தான் அவளுக்குத் தெரியும்.

கண்ணாடியும் கொண்டாந்திருக்கேன், அந்தப் படம் போட்ட புத்தகமும். இன்னொரு கால் இருக்குல்ல. அதையாவது பாத்துக்கணும் அவ. நல்ல தண்ணியில கழுவணும், விரலிடுக்குல ஈரம் இருக்கக் கூடாது. ஒத்தக் காலுக்குப் பாரம் ஜாஸ்தி, சீக்கிரம் புண்ணு வரும்.

கீரனூர் வந்துருச்சா? அதுக்குள்ளயா?

பாத்துட்டீங்களா டிக்கெட்ட. ஆமா, புதுக்கோட்டைக்குத்தான் எடுத்தேன். போன மாசம் ஒருதடவ கெளம்பி வந்தேன். அதுக்கு முன்னாடி ஒருதடவ. கீரனூர் வரும், எந்திரிக்க மாட்டேன், பஸ்ஸு கெளம்பிரும். புதுக்கோட்டையில எறங்கி ஒரு டீயக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். அதுக்கும் சேத்துத்தான் டிக்கெட்டு.

ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க எறங்கத்தானே போறீங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ரைஸ்மில்லு தெரு, கால் எடுத்த அடைக்கின்னு கேட்டா யாரும் காட்டுவாங்களாம். இந்தப் பைய மட்டும் குடுத்துருங்களேன். கண்ணாடி உள்ள இருக்கு. எமல்டாம்மா குடுக்கச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான்.

வேணாமா.

கைய எடுத்துக்கிட்டீங்க. சரிதான். நானா இருந்தாலும் வாங்க மாட்டேன்.

விசில் அடிச்சுருவான். கண்டக்டர், இன்னும் ஒரு ஆளு எறக்கம்! இருங்க, இருங்க. கொஞ்சம் வழி விடுங்க, பைய நானே தூக்கிக்கறேன். இல்ல, நீங்க கூட வர வேணாம். வீடு கண்டுபுடிச்சுருவேன். மூணு வயசு மூத்தவ எனக்கு, ஒருநா கூட அக்கான்னு கூப்புட்டதில்ல, வாசல்ல நின்னு எப்படிக் கூப்புடறதுன்னுதான் யோசிக்கிறேன். கூப்புட்டாலும் மக வேலைக்குப் போயிருக்கும் இந்நேரம். அவளேதான் எந்திரிச்சு, கட்டையப் புடிச்சுக்கிட்டு வந்து, கதவத் தொறக்கணும். நேரமாகும்.

ஆகட்டும். அதுவரைக்கும் நான் வெளிய நிக்கிறேன்.